மண்ணோடு பெயர்த்த விமானம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொல்லிமலையில் மிளகும் மரவள்ளியும் பிழைப்பு. மழை பிடித்துக்கொண்டு காட்டு வேலை நின்றுபோகும் மத்தியானங்களில் விமானம் ஓட்டுவேன். கம்ப்யூட்டரில்தான். அந்த விளையாட்டுக்கு சிமுலேட்டர் என்று பெயர்.

எனக்கு ஓட்டத் தெரிந்தது ஒரே ஒரு விமானம். ஒற்றை எஞ்சின், தலைக்கு மேலே இறக்கை. அது சிமுலேட்டரோடு வந்ததுகூட இல்லை. வெளிநாட்டில் யாரோ ஒருவர் தன் ஆசைக்குச் செய்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டுவைத்திருந்தார். இறக்கி உள்ளே சேர்த்துக்கொண்டேன். அதில் எல்லாமே முள் வைத்த வட்ட மீட்டர்கள். எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் படிக்கிறவனுக்கு முள் பெரிய உதவி. பச்சையில் நின்றால் நல்லது, சிவப்புக்குப் போனால் கெட்டது. ஓட்டும்போது பாதி நேரம் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு குறை. அந்தப் பழைய சிமுலேட்டரில் கொல்லிமலை வெறும் பச்சை மேடு. ஊர் இல்லை, ரோடு இல்லை. புதிதாக வந்திருப்பதில் எல்லாம் இருக்கிறது என்று அடிவாரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாய் போனில் சொன்னார். மேலேயிருந்து எடுத்த படத்தை வைத்தே செய்திருக்கிறார்களாம். "வாசலூர்பட்டி படகு ஏரி கூடத் தெரியுது மாப்ள" என்றார். பக்கத்தில் நின்று கேட்ட என் மனைவிக்கு அன்றைக்குப் பிடித்த ஆசை, மலையிலேயே வளப்பூர் நாடு என்கிற பகுதியில் இருக்கும் தன் அம்மா வீட்டை வானத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது.

எங்கள் ஊர் சிக்னலுக்கு அவ்வளவு பெரிய சரக்கு இறங்காது. சிபியு பெட்டியைப் பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"மடியில என்னங்க, கோழியா?" என்றார் கண்டக்டர்.

"கம்ப்யூட்டருங்க."

"அப்பறம் எதுக்குங்க அந்த அமுக்கு அமுக்கறீங்க? பறந்தா போயிரும்?"

பாய் கடையில் புது சிமுலேட்டரை இறக்கி முடித்து, மறுபடியும் அதே வளைவுகளில் ஏறி வந்து மாட்டினேன். திரையில் எங்கள் மலை அப்படியே இருந்தது. ஆனால் அதிலிருந்த விமானங்கள் எனக்குப் பிடிபடவில்லை. முள்ளுக்குப் பதிலாகத் திரைகள். திரை முழுக்க எழுத்து. கிளம்பினால் மூக்கைக் கொண்டுபோய் வயலில் குத்துவேன். நாலைந்து நாள் இதே கதை. இனி இந்த மலைமேல் பறக்கவே மாட்டேனோ என்று சோறு இறங்கவில்லை.

"உங்க பழைய வண்டியவே இதுல ஏத்த முடியாதுங்களா?" என்றாள் மனைவி.

இங்கேதான் என் மிளகுப் புத்தி வேலை செய்தது. வேர் பிடித்த கொடியை இடம் மாற்றும்போது யாரும் வெறும் வேரைப் பிடுங்கி வைப்பதில்லை. சுற்றியிருக்கும் மண்ணோடு பெயர்த்து வைத்தால்தான் பிடிக்கும். அதே மாதிரி, விமானத்தின் ஃபோல்டரை மட்டும் எடுக்காமல் பழைய சிமுலேட்டரில் அதைச் சுற்றி இருந்த சத்தம், மீட்டர், புகை எல்லா ஃபைல்களையும் வாரிப் புதியதற்குள் கொட்டினேன். ஏற்கெனவே இருக்கிறதே, மாற்றவா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

அதன்பிறகு புது சிமுலேட்டர் திறக்கவே இல்லை. பாதி திறந்து மூடிக்கொண்டது. மறுபடி பெட்ஷீட், மறுபடி பஸ்ஸா? பாயைப் போனில் கூப்பிட்டேன்.

"கைய வக்கறதுக்கு முன்னாடி காப்பி எடுத்து வச்சியா மாப்ள?"

"வச்சிருக்கேனுங்க பாய். ரெண்டு எடத்துல."

"பயந்தாங்கொள்ளியா இருந்தா இப்பிடித்தான் இருக்கோணும். எடுத்துப் போடு, திறந்துக்கும்."

போட்டேன், திறந்துகொண்டது. நடந்ததைக் கேட்டு மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "கட்டிக் குடுத்த பொண்ணு அம்மா ஊட்டு அடுப்பையும் பேத்துட்டா வருவா? நான் ஒரு பொட்டியோடதானுங்க வந்தேன்."

பாய் சொன்னதும் அதேதான். வெளியிலிருந்து வரும் விமானத்துக்கென்று புதியதில் தனியாக ஒரு ஃபோல்டர் இருக்கிறது. விமானத்தை மட்டும் அதில் வை. அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று சிமுலேட்டருக்குச் சொல்ல ஒரு சின்ன ஃபைல் வேண்டும், அதை எழுதித்தரும் குட்டி மென்பொருளை அனுப்புகிறேன். வேறெதையும் தொடாதே.

தொடவில்லை. திறந்தேன். சேலம் ஓடுதளத்தில் என் விமானம் அதே மஞ்சள் வாலோடு நின்றது. உள்ளே போய்ப் பார்த்தால் மீட்டர்கள் செத்துக் கிடந்தன. சில இடங்களில் வெறும் கறுப்பு வட்டம். பழைய காலத்து மீட்டர் புதியதில் ஓடாது என்றார் பாய் போனில். ஓட்டலாம், பார்க்கத்தான் முடியாது.

"முள்ளு இல்லாம எப்பிடிங்க பாய்?"

அவர் பதில் சொல்வதற்குள் மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "பஸ் டிரைவரு முள்ளப் பாத்தா வளைவு திருப்பறாரு? ரோட்டப் பாத்து ஓட்டுங்க, நான் வழி சொல்றேன்."

எடுத்தேன். எஞ்சின் சத்தம் பழகின சத்தம். சத்தம் தடித்தால் குறைத்தேன், மூக்கு தொங்கினால் தூக்கினேன். மலை எதிரே சுவராக எழும்பியது. சரிவு ரொம்பக் கிட்டே வர, இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். ஏறியது. விளிம்பைத் தாண்டியதும் கீழே தட்டையாக நம் மலை.

"அதா ஏரி! ரைட்ல போற ரோட்டப் புடிங்க. பலா மரம்... இன்னும் போங்க... அங்க, அங்க!"

அவள் அம்மா வீடு ஓட்டு வீடாகவே இருந்தது. இப்போதிருக்கும் தகரக் கூரை போடுவதற்கு முந்தின படம் போலிருக்கிறது. இறக்கையைச் சாய்த்து அதைச் சுற்றினேன். அவள் அதற்குள் தம்பிக்குப் போன் போட்டுவிட்டாள்.

"டேய், உங்கூட்டு மேலதான் நிக்கறோம். காயற துணியெல்லாம் எடுத்து உள்ள போடு."

"மாமனா ஓட்டறாரு? அப்ப நாங்க ஊட்ட விட்டு வெளிய வந்தர்றோம்" என்று அந்தப் பக்கம் சிரிப்பு.

திரும்பி வந்து இறக்குவதுதான் மிச்சம். எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம், எதுவும் தெரியாது. ஓடுதளம் முன்கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. சத்தத்தைக் குறைத்துக் குறைத்து வந்தேன். ஒரு குதி, இன்னொரு குதி, இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புல்லில் நின்றது. கவிழவில்லை. இறக்கை இரண்டும் இருந்தன. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

அவள் இன்னும் போனை வைக்கவில்லை. "எறங்கிட்டாருடா" என்றாள் தம்பியிடம். "ரோட்டுல இல்ல, பக்கத்துக் காட்டுல. ஆனா முழுசா எறங்கிட்டாரு."