பிரேக் அண்ணன் போட்ட கோடு

அவரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதிவேக ரயிலுக்காக ஆற்றின் மேல் பாலம் கட்டுகிறோம். படகில் வரும் கான்கிரீட் பெட்டியை என் கிரேன் தூக்கி, பாலத்தின் நுனியில் பொருத்த வேண்டும். கேபினிலிருந்து எனக்குப் பெட்டி தெரியாது. நுனியில் நிற்கும் சிக்னல்காரர் வாக்கிடாக்கியில் சொல்வதுதான் எனக்குக் கண். அவர் "நிறுத்து" என்றால் ஏன் எதற்கென்று கேட்காமல் நிறுத்த வேண்டும். இந்த மனிதர் தும்மல் வந்தால்கூட நிறுத்தச் சொல்வார். அதனால்தான் பிரேக் அண்ணன்.

"மக சைக்கிளக்கூட நட்டெல்லாம் தொட்டுப் பாத்துட்டுத்தான் தெருவுல விடுவாரு" என்று அவர் மனைவியே அலுத்துக்கொள்வார். அந்த மகள் இப்போது கல்லூரியில் முதல் வருடம்.

போன மாதம் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவ காரணமில்லாம நிறுத்தினீங்கன்னா வேலை கிடையாது." அதிலிருந்து அண்ணன் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அன்று கடைசிப் பெட்டி. கடலின் நீர்மட்டம் இறங்கும் நேரம் என்பதால் ஆற்றிலும் நீர் வடிந்துகொண்டிருந்தது. பெட்டி பொருந்தும்வரை படகு அடியிலேயே நிற்க வேண்டும்; இன்னும் ஒரு மணி நேரத்தில் அது தரைதட்டிவிடும். பெட்டி பாதி உயரம் வந்திருக்கும்.

"நிறுத்து! உன் கிரேன் கால்ல நாலாவது நட்டு, கோடு ஒடஞ்சிருக்கு!"

கிரேனைப் பாலத்தோடு பிடித்துவைத்திருப்பவை அந்த நட்டுகள். முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து கம்பிவரை அண்ணன் வெள்ளைக் கோடு போடுவார். கோடு விலகினால் நட்டு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். அறுபது டன் தொங்க, லிவரில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

என்ஜினீயர் ஓடிவந்து சோதித்தார். நட்டு இம்மிகூட அசையவில்லை.

"அப்ப கோடு எப்படி ஒடஞ்சுது?" மேனேஜரின் குரல் வாக்கிடாக்கியில் கேட்டது.

முறுக்கியவர்கள்மேல் பழியைப் போட்டிருக்கலாம். அண்ணன் போடவில்லை.

"முழுசா முறுக்கறதுக்கு முன்னாடியே நான் கோடு போட்டுட்டேன் சார், அப்புறம் முறுக்கினதுல வெலகிடுச்சு. என் தப்புதான்."

"ஹெல்மெட்ட வச்சிட்டுக் கிளம்புங்க."

சற்று நேரத்தில் புதுக் குரல் ஒன்று, "தூக்கு" என்றது.

நான் தூக்கவில்லை.

"காதுல விழலையாம்மா? தண்ணி எறங்குது!" மேனேஜர் கத்தினார்.

"விழுது சார். அந்த நட்டு நெசமாவே கழண்டிருந்தா ஆத்துக்குள்ள விழுந்திருக்கறது நானாத்தான் இருக்கும். அவரு சொல்லட்டும், தூக்குறேன்."

வேலை எனக்கும் வேண்டும். வாக்கிடாக்கியை அண்ணனிடம் கொடுக்கச் சொல்லி மேனேஜர் யாரிடமோ எரிந்துவிழுவது கேட்டது.

"தூக்கும்மா." பிரேக் அண்ணன்.

தூக்கினேன். பெட்டி ஒரு முழம்கூட ஏறியிருக்காது.

"நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன். ஏன் என்று கேட்கவில்லை.