ஒவ்வொரு லட்சத்துக்கும் மைசூர்பாகு

எங்கள் கம்பெனி பஸ்ஸில் மத்திகிரியில் ஏறுவார் அந்த வெல்டர். ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை, சட்டைக் கைகளில் தீப்பொறி பட்ட பொத்தல்கள். சேமிப்பில் ஒரு லட்சம் கூடும்போதெல்லாம் பஸ் முழுக்க மைசூர்பாகு கொடுப்பார். ரிட்டையர் ஆனதும் ஊத்தங்கரைக்குப் போய் மனைவியோடு இருப்பதற்கான பணம் அது. அந்த அம்மா அங்கே நிலத்தைப் பார்த்துக்கொண்டு தனியாக இருந்தார்.

வெல்டரின் ரிட்டையர்மெண்டுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது அந்த அம்மா மாரடைப்பில் இறந்துபோனார். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய வெல்டர், அடுத்த மாதமே மைசூர்பாகு டப்பாவோடு பஸ் ஏறினார். நினைத்த தொகை சேர்ந்துவிட்டதாம். யாருக்கும் கை நீளவில்லை.

“எடுத்துக்க தம்பி,” என்றார் என்னிடம்.

“இப்ப எதுக்குண்ணே இது?”

“ஒவ்வொரு லட்சத்துக்கும் அவள இங்க வரச் சொல்லுவேன். ‘எதுக்கு தண்டச் செலவு, கடைசில சேர்ந்துதான இருக்கப்போறோம்’னுவா. நானும் சரின்னு விட்டுட்டேன். எல்லாத்தையும் உங்களோடதான் கொண்டாடியிருக்கேன். அவளோட ஒரு தடவகூட இல்ல.”

நான் ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன்.

ரிட்டையர் ஆன பின்னும் அவர் ஊத்தங்கரைக்குப் போகவில்லை. காலையில் எங்கள் பஸ் மத்திகிரியில் நிற்கும்போது, தேய்த்த சட்டையோடு அங்கே நின்று கையசைக்கிறார். எதற்கு வருகிறார் என்று கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.