பாபநாசம் அறுவடை மும்பை வழியாக

போன சனிக்கிழமை காலையில் எங்கள் தெருவில் கரண்ட் போனது. அதனால் சுற்றுவட்டாரத்தில் நெல் அறுப்பே நின்றுவிட்டது என்றால் நம்புவீர்களா?

நின்றது. காரணம், என் மனைவி மலர்விழி!

பாபநாசத்தைச் சுற்றியுள்ள விவசாயிகள் அறுவடை மிஷினுக்கு முன்பதிவு செய்ய ஒரு வெப்சைட் நடத்துகிறாள் மலர். வெப்சைட் ஓடுவது வெளியே ஒரு சர்வரில்; ஆனால் யார் வயலுக்கு எப்போது மிஷின் போக வேண்டும் என்ற தகவல் எல்லாம் இருந்தது எங்கள் வீட்டு கம்ப்யூட்டரில். கரண்ட் போனதும் யுபிஎஸ்ஸும் உயிரை விட்டது. வெப்சைட் வெறும் வெள்ளைப் பக்கமாக நின்றது.

மிஷின் ஓட்டும் அவள் அண்ணன் செந்தில் போன் செய்தார்.

"மலரு, மிஷின் ரோட்டுல நிக்குது. அடுத்து யாரு வயலு?"

"தெரியலண்ணே..."

"நாளைக்கு மழைங்கிறாங்கம்மா!"

சம்பா முற்றித் தலைசாய்ந்து கிடக்கிற நேரம். மழை பிடித்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். மலரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பதினோரு மணி வாக்கில் கரண்ட் வந்தது. முதல் வேலையாக அண்ணனை அடுத்த வயலுக்கு அனுப்பினாள். "இனிமே இந்த வீட்டு கரண்ட்ட நம்பமாட்டேன்" என்று லேப்டாப்பைத் திறந்தாள். கிளவுடில் டேட்டாபேஸ் தருகிற ஒரு கம்பெனியில் கணக்குத் தொடங்கினாள். தகவலைப் பத்திரமாக வைப்பது, தினமும் நகல் எடுப்பது, பழுது பார்ப்பது... எல்லாம் அவர்கள் பொறுப்பாம்.

"எங்கேம்மா இருக்கும் அது?"

"மும்பைலங்க."

"நம்ம வயல அறுக்க மும்பையைக் கேக்கணுமா?"

"கண்ணு சிமிட்டுறதுக்குள்ள பதில் வந்துடும். சும்மா இருங்க."

பழைய தகவலை எல்லாம் அங்கே ஏற்றினாள். வெப்சைட்டை அதோடு இணைத்தாள். இணைப்பு மறுக்கப்பட்டது! பாஸ்வேர்டைச் சரிபார்த்தாள். மறுபடி முயன்றாள். ம்ஹூம்.

திடீரென்று தலையில் தட்டிக்கொண்டாள். அனுமதி கொடுத்த முகவரிகளைத்தான் அந்த டேட்டாபேஸ் உள்ளே விடும். தன் வெப்சைட்டுக்கே அனுமதி தரவில்லை!

திரையை எட்டிப் பார்த்தேன். 'எல்லோரையும் அனுமதி' என்று ஒரு வசதி இருந்தது. "இதை அமுக்கேன், வேலை முடிஞ்சிடும்ல?"

"முடிஞ்சிடும். ஊர்ல உள்ளவங்க போன் நம்பர் பூரா எவனாவது அள்ளிட்டும் போயிடுவான்."

நான் வாயை மூடிக்கொண்டேன். கணவர்களுக்கு இந்தப் பாஸ்வேர்ட் எப்போதும் வேலை செய்யும்.

வெப்சைட்டின் முகவரியை மட்டும் சேர்த்தாள். பக்கம் திறந்தது... பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. என்ன செய்தாள் தெரியுமா? நேராகப் போய் வீட்டு கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். செல்போனில் வெப்சைட்டைத் திறந்தாள். பெயர்கள் எல்லாம் அப்படியே வந்தன!

"அண்ணே, அடுத்து சாந்தியக்கா வயலு! ஓட்டுங்க!"

போனுக்குள் மிஷின் உறுமியது. மலர் கூடத்திலேயே ஒரு சுற்று ஆடினாள். முப்பத்தெட்டு வயதில் நன்றாகவே ஆடுகிறாள்.

மறுநாள் சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது. அதற்குள் பதிவு செய்த வயல்கள் எல்லாம் அறுத்தாகிவிட்டது. சாந்தியக்கா போனில் கூப்பிட்டார்.

"மலரு, நெல்லு வீட்டுக்குள்ள, மழை வெளியில! நல்லா இரும்மா!"

மலர் வாசலில் இறங்கி வேண்டுமென்றே நனைந்தாள். நானும் போய் நின்றுகொண்டேன்.

டெல்டாவில் மழை எப்போது அழகு தெரியுமா? நெல் வீடு வந்து சேர்ந்த பிறகுதான்!