மகள் முதுகைத் திருப்பியபோது

அச்சகத்துக்கு மேலே எழுபது நாற்காலி போட்ட ஒரு மாடிக் கூடம். அதுதான் அவருடைய நாடக அரங்கம். முப்பத்தோரு வருடம் அதை நடத்தினார். நாற்காலிக்கு ஆணி அடிப்பதும் வாசலில் டிக்கெட் கிழிப்பதும் அவர்தான். மணி அடித்ததும் ஓடிப்போய் பவுடர் பூசிக்கொண்டு மேடையேறுவதும் அவர்தான். எப்போதும் அப்பா வேடம். அதனால் தெருவுக்கே அவர் 'அப்பா'. அவரைவிட வயதில் மூத்த அச்சகக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

மனைவி உடைகள் தைப்பாள். பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பாள். கடைசி இரண்டு வருடம் அவர் ஒரு வசனமும் மறக்காதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. உண்மையில் அவர் காது மந்தமாகிவிட்டிருந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாலும் கேட்காதே என்ற பயத்தில், தினமும் விடியற்காலையில் எல்லோருடைய வசனத்தையும் நெட்டுருப் போட்டார். மேடையில் எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்துப் பதில் சொன்னார். வீடு திரும்பும்போது உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும். யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஒரு ஞாயிறு மாலைக் காட்சியில் மகளாக நடித்தவள் புதியவள். வீட்டைவிட்டுப் போகும் கட்டத்தில் நிஜமாகவே அழுகை வந்துவிட, முதுகைத் திருப்பிக்கொண்டு, "என்னை மன்னிச்சிடுவீங்களாப்பா?" என்றாள்.

நாடகத்தில் அவள் முதுகைக் காட்டிக் கேட்பது கதவுத் தாழ்ப்பாள் பற்றிய ஒரு கேள்விதான். உதடு தெரியாததால் அதற்கு வந்துவிட்டாள் என்று நினைத்து அவர், "அதுக்கென்ன, நாளைக்குப் பாத்துக்கலாம்மா" என்றார்.

கூடம் சிரித்தது. வாய்கள் திறந்திருப்பதைத்தான் அவர் பார்த்தார்.

திரை விழுந்ததும் மனைவி ஒப்பனை அறைக்கு வந்து, அவர் முகத்துக்கு நேரே நின்று நிதானமாகக் கேட்டாள்.

"எத்தனை நாளா காது கேக்கல?"

"ரெண்டு வருஷமா."

"எங்கிட்டகூடச் சொல்லலையே."

"சொன்னா மேடையேற வேண்டாம்னு சொல்லுவே."

"சொல்லியிருப்பேன்தான். நீங்களும் இப்படி அலுத்துப் போயிருக்க மாட்டீங்க."

அவர் மறுக்கவில்லை. ஒட்டு மீசையை உரித்து வைத்தார்.

காதுக் கருவி வாங்கினார்கள். மேடையில் அது நாற்காலிகள் கிரீச்சிடுவதைத்தான் பெரிதாக்கியது. அடுத்த மாதம் அப்பா வேடத்தை, அதுவரை வில்லனாக நடித்தவரிடம் கொடுத்தார். அரங்கத்தை மூடவில்லை. டிக்கெட் கிழித்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வார். முதல் வாரம் ஒவ்வோர் உதட்டையும் விடாமல் கவனித்தார். இரண்டாம் வாரம் நாடகம் பாதி நடக்கையிலேயே தூங்கிவிட்டார். மனைவி பக்கத் திரையிலிருந்து பார்த்தாள். எழுப்பச் சொல்லி யாரையும் அனுப்பவில்லை.