மஞ்சளுக்கு அடியில் அம்புக்குறி

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு மேற்கே, இப்போது லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடத்தில், எழுபதுகளின் தொடக்கத்தில் நான் சங்கிலி இழுத்துக்கொண்டு நடந்தேன். நிலம் அளக்கிற இரும்புச் சங்கிலி, நூறு கண்ணி. வெயிலில் கிடந்தால் தொட முடியாது. கையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் இழுப்போம். பள்ளிக்கூடம் பக்கமே போகாத எனக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிது.

தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க அளந்துகொண்டிருந்தோம். சர்வேயர் சார் தெற்கத்திக்காரர், நிறையப் படிப்பவர். அவரிடம் ஒரு பழக்கம். வழியில் சாமி இருந்தால் வரைபடத்தில் கோயில் என்று குறித்து அந்த மூலையை ஒதுக்கிவிடுவார். வெறும் கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தாலும் சரிதான். சாமியா இல்லையா என்று என்னைத்தான் கேட்பார். நான் உள்ளூர்க்காரன்.

ஒரு வரப்பின் முனையில் முழங்கால் உயரக் கல் நின்றது. மஞ்சள் ஏறி ஏறித் தோல் போலத் தடித்திருந்தது. இந்தப் பக்கம் ஒரு விதவை அம்மாவின் நிலம், அந்தப் பக்கம் அவளுடைய கொழுந்தனின் நிலம். பாகம் பிரித்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. பொங்கலுக்கு மறுநாள் மட்டும் எல்லோரும் அந்தக் கல்லுக்கு வருவார்கள். அவள் மஞ்சள் பூசுவாள், அவன் கோழி அறுப்பான், ஒரே சட்டியில் குழம்பு கொதிக்கும். அன்றைக்கு மட்டும் பேசிக்கொள்வார்கள்.

அந்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நைனா, நெலம் போனா போவட்டும். இந்தக் கல்ல மட்டும் சாமின்னு சொல்லிடுப்பா. இதுவும் போச்சின்னா எங்க ஊட்டுக்கும் அவன் ஊட்டுக்கும் நடுவுல இன்னா இருக்குது?"

"பாக்கலாம்மா," என்றேன்.

சார் வந்தார். "என்னப்பா, சாமியா, கல்லா?"

நான் குந்தி, நகத்தால் மஞ்சளைச் சுரண்டினேன். எத்தனையோ கல் நட்ட கை. இதன் வடிவத்தைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம். சர்வே கல்லின் தலையில் வெட்டுகிற அம்புக்குறி உள்ளே இருந்தது. புதையல் கண்டவன் மாதிரிக் கத்தினேன்.

"நம்ம கல்லு சார்! வெள்ளக்காரன் நட்டுட்டுப் போயிக்கிறான், இதுங்க மஞ்ச தடவிக்கினு கும்புட்டுக்கினு கீதுங்க!"

சார் சிரித்து முதுகில் தட்டினார். அந்தத் தட்டுக்காகத்தான் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. அந்த அம்மா குனிந்தாள். நான் சுரண்டிய இடத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். வரப்புக்கு அந்தப் பக்கம் நின்ற கொழுந்தன்தான், "த்தூ, நீயும் இந்த ஊர்ல சோறு துன்றவன்தானேடா?" என்றான்.

பேட்டைக்குள்ளே பழைய எல்லைக் கல் வேண்டாம், எடுத்துவிடு என்றார் சார்; கடப்பாரையை நானே போட்டேன். இரண்டு நெம்பில் வந்துவிட்டது.

சாயந்தரம் ஸ்டேஷன் எதிர் டீக்கடையில் சார் உற்சாகமாகக் கதை சொன்னார். ரோமாபுரி என்று ஒரு ஊராம். அங்கே பெரிய சாமிகள் போக, சில்லறைச் சாமிகள் ஏராளமாம். கதவுக் கீலுக்கு ஒரு அம்மன், தானியம் காயவைக்கிற அடுப்புக்கு ஒரு அம்மன், எருவுக்கு ஒரு சாமி.

"எருவுக்குமா சார்? நாறாது?"

"நாறினாத்தானேப்பா விளையும்?"

எல்லைக் கல்லுக்கும் ஒருவர் உண்டு, டெர்மினஸ் என்று பேர். முகம் கிடையாது, கல்தான் சாமி. வருஷத்தில் ஒரு நாள் இரண்டு பக்கத்து நிலக்காரர்களும் வந்து மாலை போட்டு, ஆட்டுக்குட்டி வெட்டி, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். ஒருசமயம் பெரிய சாமிக்குக் கோயில் கட்ட, குன்றின் மேலிருந்த சின்னச் சாமிகளையெல்லாம் எழுந்திருக்கச் சொன்னார்கள். எல்லாம் போய்விட்டன. இது மட்டும் நகரமாட்டேன் என்றது. அப்புறம் அதை உள்ளே வைத்தே கோயில் கட்டி, அதற்கு வானம் தெரிய கூரையில் ஒரு ஓட்டை விட்டார்களாம்.

டீ என் கையிலேயே ஆறிப்போனது.

"சார், அப்ப காலையில புடுங்கனமே, அந்தக் கல்லு?"

அவர் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "நீதானேப்பா கல்லுன்னு சொன்னே? மையில எழுதியாச்சு."

நான் பொய் சொல்லவில்லை. அது கல்தான். அதை நினைத்தால் இன்னும் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அடுத்த பொங்கலுக்கு அங்கே முள்வேலி இருந்தது. கொழுந்தன் ஆரணிப் பக்கம் போய்விட்டான், அவள் பொன்னேரியில் மகள் வீட்டுக்கு. நாலைந்து வருஷம் கழித்துப் பொன்னேரிச் சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நைனா, அந்தக் கல்ல எங்க போட்டாங்க? எங்க கொழுந்தன் செத்துட்டான்பா. ஒரு தபா மஞ்ச வச்சிட்டு வந்துட்றேன்."

ஒரு கம்பெனியின் சுற்றுச்சுவர் அஸ்திவாரத்தில், கேட்டுக்கு வலது மூலையில், அதை இறக்கியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"தெரியலம்மா," என்றேன்.

"ஒனக்குத் தெரியாமலா நைனா?" என்றவள், என் முகத்தைப் பார்க்காமல் மறுபடியும் கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள்.