பேய்க்கு முன்னால் ஒரு க்யூ

போன மாதம் எங்கள் தீவுகளில் உள்ள ரங்கத் என்ற ஊரில் ஒரு வீட்டில், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நானா என்று கேட்பீர்கள். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று தெரியும்.

காரணம், என் முதல் புத்தகம். நாவல் இல்லை. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி விளையாடுகிற சாகசக் கதை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் செய்கிற காரியத்துக்கு ஏற்ப கதை திரும்பும்.

எட்டு மாதம் புரோத்ராபூரில் என் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். ஆளில்லாத தீவு, பாழடைந்த கலங்கரை விளக்கம், அதில் ஒரு பேய். பேய்க்கு மட்டும் நாற்பது பக்கம். பதிப்பாளர் வேண்டாம், நானே இணையத்தில் வெளியிடுகிறேன் என்று இங்கேயே பீற்றிக்கொண்டேன், நினைவிருக்கிறதா?

வெளியிடுமுன் ஒரு சோதனை உண்டு. எழுதியவர் உதவாமல், வேறொருவர் புத்தகத்தை மட்டும் வைத்து ஆட்டத்தை நடத்த வேண்டும். அதில் படுத்துவிட்டால் புத்தகம் தேறாது. நடத்தியவர் என் தோழி செல்வராணி டீச்சர். ஆடியவர்கள் — படகு இன்ஜின் மெக்கானிக் ஜோசப், அவர் மனைவி மேரி, பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் மிதாலி.

டீச்சர் முதல் பக்கத்தை வாசித்தார். "நீங்கள் மூவரும் கப்பலேறித் தீவுக்குப் போகிறீர்கள்."

"டிக்கெட்?" என்றார் ஜோசப்.

டீச்சர் பக்கத்தைப் புரட்டினார். இல்லை. நான் எழுதவே இல்லை. கப்பலேறினார்கள் — ஒரே வரி. கப்பல் டிக்கெட்டுக்கு விடியுமுன்பே க்யூ நிற்கிற இந்தத் தீவுகளில் பிறந்து வளர்ந்த ஒருத்தி எழுதுகிற வரியா அது?

"எடுத்தாச்சுன்னு வெச்சுக்குங்க ஜோசப்."

"எப்படி டீச்சர் வெச்சுக்கிறது? யாரு க்யூல நின்னா? நான் பெரிய வாள்வீரன்தான், ஒத்துக்கிறேன். கவுன்ட்டர்ல வாளைக் காட்டினா டிக்கெட் குடுத்துருவானா?"

மிதாலி இந்தியில் தீர்ப்பே சொல்லிவிட்டார். "பெஹ்லே டிக்கெட். பூத் பாத் மே." முதலில் டிக்கெட், பேயெல்லாம் அப்புறம்.

டீச்சர் சளைக்கவில்லை. ஒரு கவுன்ட்டரையும் அதற்குள் ஒரு கிளார்க்கையும் அங்கேயே உண்டாக்கினார். ஜன்னல் திறக்குமா என்று பகடை. திறந்தது... சர்வர் டவுன். மந்திரவாதியாக ஆடிய மேரி, நோயாளிகளுக்கான ஒதுக்கீட்டில் டிக்கெட் வாங்கத் திடீரென்று நோயாளி ஆனார், மிதாலி அவருக்குத் துணைக்குப் போகிறவர் ஆனார். ஜோசப் சிபாரிசுக்காக, துறைமுகத்தில் வேலை பார்ப்பதாக ஒரு மாமா மகனை உண்டாக்கினார். எல்லாம் கைகூடி வரும்போது கடல் கொந்தளிப்பு, கப்பல் கேன்சல். மறுபடியும் க்யூ.

எட்டு மாத உழைப்பு அந்தத் தீவில் கிடக்கிறது, இவர்கள் கப்பல் துறையையே தாண்டவில்லை. புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். ஒருவர்கூட போனை எடுக்கவில்லை. மேரி போட்டு வைத்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. கடைசியாக ஒரே ஒரு படுக்கை டிக்கெட் மிச்சம் என்றார் டீச்சர். ஜோசப் பகடையைக் கையில் மூடிக்கொண்டு, கண்ணை மூடி, சிலுவை போட்டுக்கொண்டார். என் பேயைப் பார்த்து யாராவது சிலுவை போட்டிருப்பார்களா? சந்தேகம்தான்.

ஆட்டம் முடிந்ததும் ஜோசப் என்னிடம் வந்தார். "அக்கா, செம கதை. பேய் ஒண்ணு இருக்குன்னீங்களே, அது எதுக்கு?"

மறுநாள் பஸ்ஸில் திரும்பும்போதே முடிவெடுத்தேன். சாகசம் எங்கேயோ இருக்கிறது என்று நாம் தேடிக்கொண்டே இருக்கிறோம். பல்லைக் கடித்துக்கொண்டு நிஜமாகவே செய்து முடிக்கிற காரியத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறோம். பேயை நாலு பக்கத்துக்கு வெட்டினேன். க்யூவுக்கு முப்பது பக்கம். வெட்டும்போது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பதிவேற்றும் பட்டனைத் தயங்காமல் அழுத்தினேன். இது ஓடும் என்று தெரியும்.

போன வாரம் முதல் விமர்சனம் வந்தது. கோயம்புத்தூர் வாசகர். நண்பர்களோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆடினார்களாம், அருமையாம். கடைசியில் மட்டும் ஒரு குறை எழுதியிருந்தார்: "பேய் அப்படியே நம்பும்படி இருக்கிறது. டிக்கெட் கவுன்ட்டர்தான் கொஞ்சம் ஓவர் கற்பனை."

மெயின்லேண்ட்காரர்... மன்னித்துவிட்டேன்.