நெல் முளைத்த சுவர்

வெள்ளறடை ஊரில் நான் பூசிய சுவரில் நெல் முளைத்தது. முப்பது வருடம் சிமெண்டு பூசியவன் தலையில் இந்தப் பெருமையும் எழுதியிருந்தது.

வைக்கோல் கட்டுகளை அடுக்கி வீடு கட்டினார் ஜெஸி டீச்சர். அவருடைய அப்பாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "இந்தச் சுவரு அழுகிப்போவும், பொறவு இடிச்சு சிமெண்டுல கெட்டணும்" என்று சொல்லி, மகளிடம் பேச்சையும் நிறுத்திவிட்டார். பூச்சு என் பொறுப்பு. செம்மண், மணல், சாணம், நறுக்கிய வைக்கோல் எல்லாம் குழைத்து முதல் கோட் ஏற்றிவிட்டு வந்தேன். ஒன்பதாம் நாள் டீச்சரின் போன்.

"மேஸ்திரி, ஒண்ணு வந்து பாக்கணும். சுவத்துல நாத்து நிக்குது."

தெற்குச் சுவர் முழுக்க விரல் நீளத்துக்குப் பச்சை. தொட்டால் ஈரம். மழையே பெய்யவில்லை. உள்ளே கட்டு அழுகியிருந்தால் சுவரை இறக்குவதைத் தவிர வழியில்லை.

"இதுல தண்ணி விட்டது யாரு?" என்று கத்தினேன்.

டீச்சரின் அப்பா ஹோஸோடு வந்தார். "நானாக்கும். காலத்தயும் வைகிட்டும் ரெண்டு நேரம், ஏழு நாளு. நீங்க போவும்போ சொன்னியல்லியா?"

சொல்லியிருந்தேன். எந்த வீட்டில் வேலை முடிந்தாலும் பைக்கில் ஏறும்போது "ஏழு நாள் நனைக்கணும்" என்பது என் வழக்கம். சிமெண்டு தண்ணீர் குடித்து இறுகும், மண் காய்ந்து இறுகும். தெரியாதவனா நான்? வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"அப்பாவ ஒண்ணும் சொல்லாண்டாம் டீச்சர். தப்பு எனக்க தப்பாக்கும்."

ஓரிடத்தைக் குடைந்து கையை விட்டேன். இரண்டு விரற்கடைக்கு ஈரம். அதற்கு அப்பால் வைக்கோல் மொறுமொறுவென்று இருந்தது. ஒரு பிடி உருவி டீச்சரிடம் நீட்டினேன். மோந்து பார்த்தார், அழுகல் இல்லை. மெல்ல என்னிடம் சொன்னார்: "எங்கிட்ட பேசாத மனுஷன். ஒரு நேரம் தப்பாம நனைச்சிருக்காரே."

ஈரப் பூச்சை உரித்து, வைக்கோல் கட்டுகளை வெயிலில் ஆறவிட்டு, மறுபடி பூசினேன். பூச்சு பழக வந்த தம்பிமாரே, புது வேலைக்குக் கை சீக்கிரம் பழகிவிடும், வாய் பழகாது. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வரும் கடைசி வார்த்தையும் வேலையில் சேர்ந்ததுதான்.

கிளம்பும்போது அப்பா வந்து நின்றார். "இனி நான் என்ன செய்யணும்?"

"நனைக்காண்டாம். வெயிலு படணும். சுவத்துக்கு நெழலு விடுத அந்த வாழ எலைய மட்டும் ஒதுக்கிக் கெட்டுங்க."

அவர் வெட்டுக்கத்தியை எடுத்துவந்து, குலை தள்ளி நின்ற வாழையை அடியோடு சாய்த்தார்.